முயல் கறியின் தரம்: ஜீனிலா, நம் கையிலா?

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



முயல் வளர்ப்பை உபதொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் முதல் வருஷம் கேட்கும் கேள்விகள் வேறு, அடுத்த வருஷம் கேட்கும் கேள்விகள் வேறு. முதலில் கூண்டு எப்படி அமைப்பது, குட்டி ஏன் சாகிறது, என்ன தீவனம் வைப்பது என்று கேட்பார்கள். கொஞ்சம் வாடிக்கை பிடித்த பிறகு கேள்வி மாறிவிடும். "போன மாசம் கொடுத்த கறி சக்கையா இருந்துச்சுன்னு சொன்னாங்க. இந்த மாசம் ரப்பர் மாதிரி இழுக்குதுன்னு சொல்றாங்க. அதே இனம், அதே கூண்டு. இனத்தையே மாத்திடலாமா? நல்ல ஜீன் உள்ள ஆண் முயல் எங்கேயாவது கிடைக்குமா?" இதுதான் அந்தக் கேள்வி.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துத் தாய் முயலும் மூன்று ஆண் முயலும் வைத்திருக்கும் ஒரு குடும்பம், உள்ளதை விற்றுவிட்டுப் புதுசு வாங்குவது என்றால் ஒரு வருஷ உழைப்பை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பதாகும். அப்படி மாற்றிய பிறகும் கறி அதே மாதிரி இருந்தால் என்ன செய்வது? ஆகவே, கறியின் தரத்தில் ஜீனுக்கு என்ன பங்கு, நமக்கு என்ன பங்கு என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வதே நல்லது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஏரி ஒன்று, மடைகள் பல

ஜீன் என்பதை மரபணு என்றும் சொல்கிறோம். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி என்று குட்டிக்கு வந்து சேருகிற குறிப்புகள் அவை. ஒரு முயலின் காது, ஈரல், குடல், தொடைச் சதை எல்லாவற்றிலும் உள்ள உயிரணுக்களில் இருப்பவை ஒரே ஜீன்கள்தான். அப்படியானால் காது காதாகவும் தொடை தொடையாகவும் இருப்பது எப்படி?

ஏரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். ஏரியில் இருப்பது ஒரே தண்ணீர். ஆனால் எந்த மடையை எப்போது திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு வயல் நெல் வயலாகவும் இன்னொன்று கடலைக் கொல்லையாகவும் இருக்கிறது. ஜீன்களும் அப்படித்தான். உடம்பின் ஒவ்வொரு பாகத்திலும் சில ஜீன்கள் திறந்திருக்கும், சில மூடியிருக்கும், சில கால்வாசி மட்டும் திறந்திருக்கும். இந்தத் திறப்பு மூடலைத்தான் விஞ்ஞானிகள் ஜீன் கட்டுப்பாடு என்கிறார்கள்.

ஒரு மடை திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1987-ல் அமெரிக்காவில் ஹரால்ட் வைன்ட்ராப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலியின் இணைப்புத் திசு உயிரணுக்களை எடுத்துக்கொண்டார்கள். அவை சதையாக வேண்டியவை அல்ல. அவற்றில் மையோ-டி என்ற ஒரே ஒரு ஜீனை வேலை செய்ய வைத்தார்கள். அந்த உயிரணுக்கள் தசை உயிரணுக்களாகவே மாறிவிட்டன. மையோ-டி ஒரு நீர்க்கட்டி மாதிரி. தான் எழுந்ததும் போய் மற்ற மடைகளையெல்லாம் திறந்துவிடும் ஜீன் அது. நம் முயலின் தொடையும் முதுகும் தாயின் வயிற்றில் உருவாவது இப்படிப்பட்ட சில நீர்க்கட்டி ஜீன்களால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தசை நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குட்டி பிறக்கும் தருணத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நார் தடிக்கும், நீளும். எண்ணிக்கையில் பெரிதாகக் கூடாது. ஆகவே சினை முயலுக்கு அந்த 30, 31 நாளும் வைக்கும் தீவனம் தாய்க்கு மட்டும் வைக்கும் தீவனம் அல்ல.

வெள்ளைச் சதையும் சிவப்புச் சதையும்

முயலை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகுச் சதையும் தொடைச் சதையும் வெளுப்பாக இருக்கும். ஆனால் பின்னங்காலின் உள்ளே சில சின்னச் சதைகள் மட்டும் சிவந்திருக்கும். பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரான்வியே 1873-லேயே முயலை வைத்து இதை ஆராய்ந்தார். வெளுத்த சதை சட்டென்று இழுக்கும், சீக்கிரம் களைக்கும். சிவந்த சதை நிதானமாக இழுக்கும், நெடுநேரம் தாங்கும்.

இது பிறவியிலேயே முடிந்துபோன விஷயமா? இல்லை என்று 1969-ல் இங்கிலாந்தில் சால்மன்ஸ், விர்போவா என்ற இருவர் காட்டினார்கள். முயலின் வேகமான சதைக்குப் போகும் நரம்பில், மெல்லிய மின் துடிப்பை வாரக்கணக்கில் விடாமல் கொடுத்தார்கள். வேகமாக இழுத்துக்கொண்டிருந்த சதை நிதானமான சதையாக மாறத் தொடங்கியது. ஜீன் மாறவில்லை. திறந்திருந்த மடைகள் மூடின, மூடியிருந்தவை திறந்தன. அவ்வளவுதான்.

கறிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வெளுத்த நாரில் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு அதிகம், கொழுப்பு குறைவு. சிவந்த நாரில் கொழுப்பும் நிறச்சத்தும் அதிகம். கறியின் நிறம், சாறு, மணம் எல்லாம் இந்தக் கலவையைப் பொறுத்தவை. முயல் கறி பெரும்பாலும் வெளுத்த நார் என்பதால்தான் அது கொழுப்புக் குறைந்த கறியாக இருக்கிறது. அதனால்தான் கவனக்குறைவாகக் கையாண்டால் சீக்கிரம் வறண்டும் போகிறது.

கறிக்குள் இருக்கும் கொழுப்பு

சிறுநீரகத்தைச் சுற்றிக் கட்டியாக இருக்கும் கொழுப்பு வேறு, நாருக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் கொழுப்பு வேறு. சாறும் மணமும் தருவது இரண்டாவது கொழுப்பு. முயலின் முதுகுச் சதையில் இது 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம்தான் இருக்கிறது.

இதைக் கூட்டவோ குறைக்கவோ முடியுமா என்று ஸ்பெயின் நாட்டின் வாலன்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். ஒரே கூட்டத்து முயல்களை இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். ஒன்றில் உள்கொழுப்பு அதிகமுள்ளவற்றின் வாரிசு, மற்றதில் குறைவானவற்றின் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். தீவனம் ஒன்றே, கொட்டகை ஒன்றே, அறுத்த வயசும் ஒன்றே, 9 வாரம். சில தலைமுறைகளில் இரண்டு வரிசையும் தெளிவாகப் பிரிந்துவிட்டன. முயலுக்கு முயல் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் வருவது என்று தெரிந்தது. கொழுப்பு அதிகமான வரிசையில் கொழுப்பை உண்டாக்கும் நொதிகள் அதிகச் சுறுசுறுப்பாக வேலை செய்தன. அதாவது அந்த மடைகள் கொஞ்சம் கூடுதலாகத் திறந்திருந்தன. கூடவே சிறுநீரகக் கொழுப்பும் ஏறியது. ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் சேர்ந்து வரும் என்பதற்கு இது சாட்சி.

இதில் நாம் பார்த்துச் செய்யக்கூடிய ஒரு யுக்தி இருக்கிறது. உயிரோடு இருக்கிற முயலின் சதைக்குள் எவ்வளவு கொழுப்பு என்று எப்படிப் பார்ப்பது? அவர்கள் அதன் முதல் ஈற்றுக் கூடப்பிறந்த இரண்டை அறுத்துப் பார்த்தார்கள். அந்தக் கறி நன்றாக இருந்தால் உயிரோடு இருக்கும் உடன்பிறப்பை இனவிருத்திக்கு வைத்துக்கொண்டார்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். எந்தத் தாயின் குட்டி, எந்த ஆணின் குட்டி, எந்த ஈற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கறியைச் சாப்பிட்டவர் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதினால் போதும். இரண்டு வருஷத்தில் உங்கள் பண்ணையில் எந்தத் தாய் வழி நல்ல கறி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அளவுக்கு மிஞ்சிய சதை

"அப்படியானால் சதை வளர்ச்சியைத் தடுக்கிற ஜீனை மூடிவிட்டால் முயல் மலை மாதிரி வளராதா?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மையோஸ்டாட்டின் என்று ஒரு ஜீன் இருக்கிறது. சதை வளர்ச்சிக்கு அது ஒரு தடுப்பு. 1997-ல் எலியில் கண்டுபிடித்தார்கள். பெல்ஜியம் நாட்டின் நீல மாட்டினம் புடைத்த சதையோடு நிற்பது இந்தத் தடுப்பு இயற்கையாகவே பழுதானதால்தான்.

2016-ல் சீன விஞ்ஞானிகள் ஜீன் திருத்தும் புதிய முறையால் முயலில் இந்த ஜீனை வேலை செய்யாமல் ஆக்கினார்கள். குட்டிகள் பிறக்கும்போதே எடை அதிகமாக இருந்தன, சதையும் பருத்தது. ஆனால் நாக்கும் பருத்தது. பல குட்டிகள் செத்தே பிறந்தன, பல பிறந்த சில நாளில் இறந்தன. குட்டி ஈனுவதை நம்பிப் பிழைக்கும் நமக்கு அது என்ன லாபம்?

சரி, சதை பெருத்து, பிராணியும் பிழைத்தால்? அதற்கும் ஓர் உதாரணம் ஆட்டில் இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு கிடாய்க்குட்டி பிறந்தது. அதன் பின்பாகம் அசாதாரணமாகப் பருத்திருந்தது. அதன் வாரிசுகளும் அப்படியே வந்தன. பார்த்தவர்கள் பொன் விளைந்தது என்று நினைத்தார்கள். ஆனால் முதுகுக் கறியை வேகவைத்துச் சாப்பிட்டபோது மெல்ல முடியவில்லை. காரணம் என்ன? கறியை மிருதுவாக்கும் கால்பெயின் என்ற நொதி ஒன்று உண்டு. அதை அடக்கி வைக்கும் கால்பாஸ்டாட்டின் என்ற பொருள் அந்த ஆடுகளில் மிகுதியாக இருந்தது. 2002-ல் இதன் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். எந்த ஜீனும் கெடவில்லை. ஜீன்களுக்கு இடையே உள்ள பகுதியில், மடையின் கதவுக்கு ஒப்பான இடத்தில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது சதையைக் கூட்டியது, தரத்தைக் குறைத்தது.

ஆகவே, வெறும் எடையை மட்டும் சொல்லி யாராவது "ஜீன் முயல்" என்று அதிக விலைக்கு ஒன்றைக் காட்டினால், "கறி எப்படி இருக்கும்? குட்டி எத்தனை பிழைக்கும்?" என்ற இரண்டு கேள்வியையும் கேளுங்கள். அதன் பெற்றோரின் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

இனத்தை மாற்ற வேண்டிய சமயம்

இனத்தை எப்போதுமே மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே ஜீன் கோளாறால் வரும் குறை ஒன்று உண்டு. சில முயல்களை அறுத்தால் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். வாங்குபவர் காமாலை என்று பயந்து வேண்டாம் என்பார். பசுந்தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறச்சத்தைச் சிதைக்க வேண்டிய ஓர் ஜீனில் பழுது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பழுது வந்து சேர்ந்தால்தான் குறை தெரியும். பசுந்தீவனம் சாப்பிட்டால்தான் நிறமும் ஏறும். அந்த ஜீன் எது என்பது 2015-ல் தெளிவானது.

மஞ்சள் கொழுப்புள்ள குட்டி ஒன்று வந்தால் அதன் தாய், தகப்பன் இருவரிடமும் அந்தப் பழுது இருக்கிறது என்று பொருள். அந்த ஜோடியை மறுபடி சேர்க்காமல், இரண்டையும் இனவிருத்தியிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. அண்ணன் தங்கை முயல்களைச் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். இப்படிப்பட்ட மறைந்த பழுதுகள் வெளியே வருவது அதனால்தான். புது ஆண் முயல் தேவைப்படும்போது உதகை அருகே சாண்டிநல்லா ஆட்டின ஆராய்ச்சி நிலையத்திலோ, கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்திலோ விசாரியுங்கள். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் அங்கே பதிவோடு வளர்க்கப்படுகின்றன.

நம் கையில் உள்ள மடைகள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அதே இனம், அதே கூண்டு. கறி மட்டும் ஏன் மாறுகிறது?

ஒன்று, வயசு. நம்மில் பலர் முயலை வயசு பார்த்து விற்பதில்லை, எடை பார்த்து விற்கிறோம். நல்ல பராமரிப்பில் 12 வாரத்தில் 2 கிலோ வரும். கோடையில், அரை வயிற்றுத் தீவனத்தில் அதே 2 கிலோ வர 16, 18 வாரம்கூட ஆகலாம். தராசுக்கு இரண்டும் ஒன்று. பல்லுக்கு ஒன்றல்ல. வயசு ஏற ஏற நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொல்லாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். வேகவைத்தாலும் சுலபத்தில் விடாது. ரப்பர் மாதிரி இழுக்கிறது என்றால் முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். கழிக்கப்பட்ட தாய் முயலை இளங்குட்டி விலைக்கு, இளங்குட்டி என்று சொல்லி விற்கவே வேண்டாம். குழம்புக்கு என்று சொல்லிக் குறைத்து விற்றால் வாடிக்கை நிற்கும்.

இரண்டு, உஷ்ணம். முயலுக்கு வியர்வை கிடையாது. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் சூட்டை வெளியே விடும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். உடம்புக்குள் சூட்டிலிருந்து காப்பாற்றும் புரதங்களைச் செய்யும் ஜீன்கள் திறந்துகொள்ளும். பிழைப்பதற்கான மடை திறந்தால் வளர்ச்சிக்கான மடையில் தண்ணீர் குறையத்தானே செய்யும்? சமவெளியில் வளர்ப்பவர்கள் கூரைக்கு மேல் தென்னங்கீற்று, பக்கத்தில் நனைத்த சாக்கு, கொட்டகையைச் சுற்றி நிழல் மரம், எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் அது கறியின் தரத்துக்குச் செய்யும் செலவுதான்.

மூன்று, தீவனம். மாடும் ஆடும் தின்னும் கொழுப்பை இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் முதலிலேயே மாற்றிவிடுகின்றன. முயலுக்கு அப்படியல்ல. நுண்ணுயிர்கள் பெருகியிருப்பது பின்னால் உள்ள பெருங்குடல் பையில். தீவனத்துக் கொழுப்பு அதற்கு முன்பே சிறுகுடலில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே வைக்கும் தீவனத்தின் குணம் கறியின் கொழுப்பில் அப்படியே தெரியும். குதிரைமசால், வேலிமசால் போன்ற பசுந்தழைகளில் உள்ள நல்ல கொழுப்புச் சத்து கறியில் சேர்வதோடு, உடம்பு தானாகக் கொழுப்பை உண்டாக்கும் ஜீன்களைக் கொஞ்சம் மூடியும் வைக்கிறது. தழையில் இயற்கையாக உள்ள வைட்டமின் இ அந்தக் கொழுப்பு சிக்குவாடை அடிக்காமல் காக்கிறது. தழை மட்டும் போதுமா என்றால் போதாது. அடர்தீவனம் இல்லாவிட்டால் வளர்ச்சி பின்தங்கி, வயசுக் கணக்கில் போய் மாட்டிக்கொள்வோம். இரண்டும் வேண்டும்.

நான்கு, கடைசி நாள். இதில் ஜீனின் மேல் பழி போட இடமே இல்லை. முயலின் சதையில் உள்ள கிளைகோஜன் அறுத்த பிறகு மெல்ல அமிலமாக மாறும். அந்த அளவான அமிலம்தான் கறியின் நிறத்தையும் சாற்றையும் காக்கிறது. வெயிலில் நெருக்கி அடைத்து நெடுந்தூரம் கொண்டுபோனாலோ, இரண்டு நாள் பட்டினி போட்டாலோ, சேமிப்பு கரைந்துவிடும். கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். அறுக்கும் தருணத்தில் துரத்திப் பிடித்து மிரட்டினால் உடம்புச் சூடு ஆறுவதற்குள் அமிலம் ஏறி, கறி வெளுத்து நீர் கசியும். அதை வறுத்தால் சக்கைதான் மிஞ்சும். முந்தின இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். காலைக் குளிர்ச்சியில் கொண்டுபோங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

ஐந்து, அறுத்த பிறகு. உடனே விறைக்கும் சதையை அப்படியே உறைபெட்டியில் போட்டால் நார் சுருங்கிக் கெட்டியாகிவிடும். முதலில் ஒரு நாள் குளிர்பெட்டியில், உறையாத குளிரில் வையுங்கள். முன்பு சொன்ன கால்பெயின் நொதி அந்த நேரத்தில்தான் தன் வேலையைச் செய்கிறது. வாங்கிப்போகும் வீட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

பண்ணை முயலின் மூதாதை ஐரோப்பாவின் காட்டு முயல். நம் ஊர்க் காட்டு முயல் வேறு ஜாதி. அதைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். அந்த ஐரோப்பியக் காட்டு முயலையும் வீட்டு முயலையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மனிதனைக் கண்டால் பாய்ந்தோடிய பிராணி கூண்டில் சாதுவாக உட்காரப் பழகியதற்கு, பழைய ஜீன் எதுவும் அழிந்து போனது காரணமல்ல. ஜீன்களைத் திறந்து மூடும் பகுதிகளில் பல இடங்களில் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். நூற்றாண்டுக் கணக்கில், பேர் தெரியாத எத்தனையோ வளர்ப்பாளர்கள் "இது வேண்டும், இது வேண்டாம்" என்று பொறுக்கி எடுத்ததன் பலன் அது.

அந்த வேலையைத்தான் இன்று நீங்களும் செய்கிறீர்கள். ஆகவே கறி சரியில்லை என்று ஒருவர் சொன்னவுடன் கூண்டைக் காலி செய்யாதீர்கள். வயசு, உஷ்ணம், தீவனம், கடைசி நாள், குளிர்பெட்டி ஆகிய ஐந்தையும் முதலில் பாருங்கள். ஐந்தும் சரியாக இருந்தும் ஒரே தாயின் குட்டிகளில் மட்டும் குறை திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தாயை மாற்றுங்கள். அதைச் சொல்லப்போவது உங்கள் நோட்டுப் புத்தகம். அதை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.